மஜ்ஜையில் பதுங்கும் வைரஸ்

ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் ஆயுள் முழுக்கப் போவதில்லை. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கி, பல ஆண்டுகள் கழித்து அக்கியாகக் கிளம்பும். கிராமங்களில் காவி குழைத்து அக்கி எழுதுவது அதற்குத்தான். அதே குடும்பத்துச் சைட்டோமெகலோ வைரஸ் பதுங்கும் இடங்களில் முக்கியமானது, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை.

இந்தியாவில் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்காவது இது இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே எச்சில் வழியாகவோ தாய்ப்பால் வழியாகவோ தொற்றிவிடும். (நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை, பால் கொடுக்கத் தயங்க வேண்டாம்.)

மஜ்ஜையின் மூலசெல்களில் மிகச் சிலவற்றில்தான் வைரஸ் இருக்கும். சுமார் 2,35,000 கார இணைகள் கொண்ட அதன் டி.என்.ஏ., செல்லின் உட்கருவில் வளையமாகச் சுருண்டு, புரதங்கள் இறுக்கிச் சுற்றிய நிலையில் கிடக்கும். மரபணுக்களில் பெரும்பாலானவை வாய் திறப்பதில்லை. புது வைரஸும் உருவாவதில்லை. எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் அது படாமல் தப்புவது இப்படித்தான். மூலசெல்லிலிருந்து மோனோசைட் என்ற வெள்ளையணு பிறக்கும்போது வைரஸும் கூடவே ரத்தத்துக்கு வருகிறது. அந்த அணு திசுவுக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜாக முதிரும்போது புரதச் சுற்று தளர்கிறது. வைரஸ் பெருகத் தொடங்குகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு டி-செல்கள் என்ற எதிர்ப்பணுக்கள் அதை அங்கேயே முடித்துவிடும்.

மஜ்ஜை மாற்று சிகிச்சையில் அந்தக் காவல் சில மாதங்கள் இருக்காது. அப்போது வைரஸ் நுரையீரலையும் குடலையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. வைரஸ் இல்லாத கொடையாளரைத் தேடும் மேலைநாட்டு வழக்கம் இங்கே அவ்வளவாக எடுபடாது. அப்படிப்பட்டவர் கிடைப்பதே அரிது. அதில் ஒரு நன்மையும் உண்டு. நோயாளிக்கு ஏற்கெனவே வைரஸ் இருந்தால், வைரஸை அறிந்த கொடையாளரின் டி-செல்கள் அவருக்குத் துணை நிற்கும்.

எனவே நோயாளியின் ரத்தத்தை வாரந்தோறும் பி.சி.ஆர். முறையில் சோதித்து, வைரஸ் எண்ணிக்கை ஏறியதுமே கான்சிக்ளோவிர் கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்து, அப்போதுதான் துளிர்க்கும் புது மஜ்ஜையையே வாட்டும். அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற லெட்டர்மோவிரில் அந்தத் தொல்லை இல்லை. விலைதான் எட்டாத உயரம். இரண்டுமே பெருகும் வைரஸைத்தான் தடுக்கும். மூலசெல்லில் சுருண்டு கிடப்பதைத் தொடாது.