வாடிய செடியை முதலில் வெட்டிப் பாருங்கள்

பூவும் பிஞ்சுமாக நின்ற தக்காளிச் செடி உச்சி வெயிலில் துவண்டு, நாலைந்து நாளில் பச்சையாகவே காய்ந்துபோகிறது. உடனே கடைக்கு ஓடி "வாடல் நோய்க்கு மருந்து குடுங்க" என்று கேட்கிறோம். கிடைப்பது பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி. வந்திருப்பது பாக்டீரியா வாடல் என்றால் அந்தக் காசு வீண்.

எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாடிய செடியைப் பிடுங்கி, அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் நீருக்குள் இருக்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கீழே இறங்கினால் அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா. இழை இறங்காமல், அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, பிளந்த தண்டுக்குள் பழுப்புக் கோடு ஓடினால் பியூசேரியம் பூஞ்சையாக இருக்கலாம். வேரில் முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு. அது துளைத்த காயம் வழியாகத்தான் மற்ற இரண்டும் எளிதாக உள்ளே போகின்றன.

பாக்டீரியா வாடல் வந்த செடியை மீட்க வழியில்லை. வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள்; வாய்க்காலில் வீசினால் பாசன நீரே நோயைப் பக்கத்துக் காட்டுக்குச் சுமந்து போகும். அதே இடத்தில் கத்தரி, மிளகாய், உருளை வைக்காமல் சோளம், மக்காச்சோளம் என்று மாற்றுங்கள். இந்தப் பாக்டீரியா மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதால் ஒரு போகம் மாற்றினால் போதாது. கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று நல்ல வழி. விலை கூடுதல்தான், ஆனால் வாடலையும் நூற்புழுவையும் சுண்டை வேர் நன்றாகத் தாங்கும்.

டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஆகிய நுண்ணுயிர் மருந்துகள் வருமுன் காப்பவை. செடி வாடிய பிறகு ஊற்றிவிட்டு "இயற்கை மருந்து வேலை செய்யல" என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். வயலுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ எடுத்து, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது இடவேண்டும். கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு 100 கிலோ. தாமிர மருந்தோடு இவற்றைக் கலந்தால் நுண்ணுயிர் செத்துப்போகும். நாற்றங்கால் மண்ணைச் சித்திரை வெயிலில் நனைத்து, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் நாற்றழுகல் வெகுவாகக் குறையும். கறுப்புத் தாள் வேண்டாம், மண் அந்த அளவு சூடேறாது.

நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் இருப்பது உயிர். தகரக் கூரைக் கடையில் வெயில்படக் கிடந்தால் உள்ளே வெறும் மாவுதான் மிஞ்சும். நோய்க்கென்று விற்கும் இந்த நுண்ணுயிர் மருந்துகளும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருபவைதான். பதிவு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிரணு என்ற விவரம் எல்லாம் பாக்கெட்டில் இருக்கவேண்டும். 'ஆர்கானிக்' என்று மட்டும் அச்சடித்த, பதிவு எண் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

போலி என்று சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, கடையிலுள்ள சரக்கிலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லலாம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இழப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அங்கே முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான். ஆகவே ரசீதையும் காலிப் பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள், தேதியோடு படம் எடுங்கள். தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்து அறிக்கை எழுதும்வரை அந்த வயலை உழுதுவிடாதீர்கள்.