மருந்துக்கு அஞ்சாத காய்ச்சல் கிருமி!

நார்வே நாட்டில் 2008-ம் ஆண்டு ஜனவரி மாதம். கடுங்குளிர். ஆண்டுதோறும் வருவதுபோல் அப்போதும் இன்புளூயன்சா காய்ச்சல் பரவியது. நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைச் சோதித்த விஞ்ஞானிகள் திகைத்துப் போனார்கள்.

"எச்1என்1" என்ற இனத்தைச் சேர்ந்த கிருமிகள், "ஒசல்டாமிவிர்" மருந்துக்கு அடங்கவில்லை! குளிர்காலம் முடிந்தபின் கணக்குப் பார்த்தார்கள். அந்த இனத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மாறியிருந்தது.

"டாமிபுளூ" என்ற பெயரில் 1999-ம் ஆண்டு விற்பனைக்கு வந்த மருந்து அது. ஆபத்துக் காலத்தில் உதவும் என்று பல நாடுகள் அதை ஏராளமாக வாங்கிச் சேமித்து வைத்திருந்தன.

இன்னொரு வியப்பு: நார்வேயில் அந்த மருந்தைச் சாப்பிடுவோர் மிகக் குறைவு. மருந்தே இல்லாத இடத்தில், மருந்தை எதிர்க்கும் கிருமி எப்படிப் பெருகியது?

கத்தரிக்கோல்

இன்புளூயன்சா கிருமி தானாகப் பெருகாது. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள உயிரணுவுக்குள் நுழைந்து, அங்கே தன்னைப் போன்ற ஏராளமான கிருமிகளை உண்டாக்கும். புதிய கிருமிகள் வெளியே வரும்போது, உயிரணுவின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். பலாப்பழம் அறுத்தவர் கையில் பிசின் ஒட்டுவது போலத்தான்.

அந்தப் பிடியை அறுக்கக் கிருமியிடம் ஒரு "கத்தரிக்கோல்" உண்டு. அதன் பெயர் நியூராமினிடேஸ். மருந்து இந்தக் கத்தரிக்கோலின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். கிருமி ஒட்டிய இடத்திலேயே கிடக்கும். நோய் பரவுவது தடைப்படும்.

லாபமும் நஷ்டமும்

கத்தரிக்கோல், மாலையில் மணிகள் கோத்தது போன்ற அமைப்பு. சுமார் 470 மணிகள். அதில் 275-வது மணி மாறினால், மருந்து சரியாகப் பொருந்தாது. கிருமி தப்பிவிடும்.

ஆனால் இதில் கிருமிக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அந்த மாறுதலால், உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து சேரும் கத்தரிக்கோல்கள் குறைந்துவிடும். பிராணிகளிடம் நடத்திய சோதனைகளில் இத்தகைய கிருமிகள் பலமிழந்து காணப்பட்டன. "இது நொண்டிக் குதிரை. மற்றக் கிருமிகளோடு ஓடி ஜெயிக்காது" என்றே நிபுணர் பலர் நம்பினார்கள்.

நொண்டிக் குதிரை ஓடியது!

அந்த நம்பிக்கை பொய்த்தது. 2008-09 குளிர்காலத்தில் அமெரிக்காவில் சோதித்த பழைய எச்1என்1 கிருமிகளில் ஏறக்குறைய எல்லாமே மருந்தை எதிர்த்தன. கடும் நோயாளிகளுக்கு வேறு மருந்தைத் தேடவேண்டிய நிலை டாக்டர்களுக்கு ஏற்பட்டது.

காரணம் 2010-ம் ஆண்டு தெரிந்தது. அமெரிக்காவில் ஜெஸ்ஸி புளூம், லிசி காங், நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோர் ஆகியோர் அதைக் கண்டுபிடித்தனர். 275-வது மணி மாறுவதற்கு முன்பே, கிருமியில் வேறு இரண்டு சிறு மாறுதல்கள் நடந்திருந்தன. அவை கத்தரிக்கோல்கள் அதிகமாக மேலே வர உதவின.

முன்கூட்டியே பணம் சேர்த்து வைத்த குடும்பம், திடீர்ச் செலவு வந்தால் தத்தளிப்பதில்லை அல்லவா? அதுபோல் கிருமியும் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டது. அதனால்தான் மருந்து இல்லாத ஊரிலும் அது சளைக்காமல் பரவியது.

பிறகு நடந்தது

2009-ம் ஆண்டு பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. அந்தப் புதிய எச்1என்1 கிருமி, பழைய கிருமியை விரட்டிவிட்டது. புதியது பெரும்பாலும் மருந்துக்கு அடங்கியது.

ஆயினும் 2011-ல் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரப் பகுதியில், மருந்து சாப்பிடாதவர்களிடமும் மருந்தை எதிர்க்கும் புதிய கிருமி காணப்பட்டது. நல்ல வேளையாக அது உலகெங்கும் பரவவில்லை. ஆனாலும் கிருமிகளைத் தொடர்ந்து சோதித்துவர வேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது.

குடும்பத்தினர் கவனத்துக்கு

காய்ச்சல் மருந்தை டாக்டர் சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும். நோய் கண்ட 2 நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

மருந்தை எதிர்க்கிறது என்பதால் மட்டும் கிருமி தடுப்பூசியிடமிருந்து தப்பிவிடாது. ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்வதும், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும் நல்ல காவல். வராத நோய்க்கு மருந்து தேட வேண்டியதில்லை!