அட்டையா, வெள்ளரியா?

தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரத்தில் 'அட்டை' என்றால் ரத்தம் குடிக்கிற அட்டை இல்லை, கடல் அட்டை! இங்கிலீஷ்காரர் இதை வெள்ளரிக்காய் ஆக்கிவிட்டார். ரெண்டும் தப்பு. உயிரியல் கணக்கில் இது நட்சத்திர மீனுக்குப் பங்காளி. (நட்சத்திர மீனும் மீன் இல்லை, அதை விடுங்கள்!)

முன்பு ஜாடை பார்த்துக் கூட்டம் பிரித்தார்கள். ஜாடை ஏமாற்றும். அதனால் இப்போது வம்சாவளி பார்க்கிறார்கள்: 'இன்ன உயிருக்கும் இன்ன உயிருக்கும் கடைசிப் பொது மூதாதை, அதன் வாரிசுகள் அத்தனையும்.' கூட்டப் பெயருக்கு இதுதான் அர்த்தம். தத்துப்பிள்ளை கிடையாது, யாரையும் ஒதுக்கவும் முடியாது. 'ஃபைலோகோட்' என்று இதற்கென்றே ஒரு விதிப்புத்தகம் 2020-இல் அமலுக்கு வந்தது.

பேரில் என்ன சார் இருக்கிறது என்கிறீர்களா? 2001-இல் மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டைக் கூட்டத்தையே மொத்தமாக எழுதிவிட்டது. நல்ல விலை போகும் வெள்ளை அட்டையும், அவ்வளவாக யாரும் சீந்தாத குச்சி அட்டையும் ஒரே கேஸ்! அதே வருஷம் ஜூலையில் சுறா, திருக்கைகளையும் இப்படி மொத்தமாகத்தான் போட்டார்கள். மீனவர்கள் கொதித்ததும் டிசம்பரில் குறிப்பிட்ட சில இனங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

முங்கி எடுத்துப் பிழைத்தவர்கள் தடையை நீக்கச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், லைசென்ஸ் வாங்கினால் போதும். அட்டை என்னவோ அதே அட்டைதான்.