ஆறும் ஒண்ணா எரியணும்

பெரியப்பாவின் தண்ணி லாரி டாடா 1210. ஊரில் யாரும் டாடா என்று சொன்னதில்லை, பென்ஸ் வண்டி என்பார்கள். டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் 1954-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கூட்டு 1969-இல் முடிந்துவிட்டது. முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்து இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் திருப்பூர்ப் பட்டறைகளில் அந்தப் பெயர் போகவில்லை.

1978 வாக்கில் தொடங்கிய பனியன் ஏற்றுமதி தொண்ணூறுகளில் பெருத்தபோது சாயப்பட்டறைகளின் தாகமும் பெருத்தது. நொய்யல் கரைக் கிணறுகள் கெட்டுப்போக, பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் லாரியில் தண்ணீர் வந்தது. நெடுந்தூரம் ஓடி ஓய்ந்த வண்டிகள்தாம் பெரும்பாலும் டேங்கர் ஆகும். எட்டாயிரம் லிட்டர் என்றால் எட்டு டன். மூட்டைச் சுமை இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர் அப்படியில்லை, கியர் மாற்றுகிற நேரத்தில் பின்னால் சாய்ந்து வண்டியையே இழுக்கும். இழுவை இல்லாத இன்ஜின் மேட்டில் நின்றுவிடும்.

எங்கள் வண்டி நின்றது. பெரியப்பா ஒரு பட்டறையில் கேட்டார். அங்கே பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் வண்டி பறந்தது, கரும்புகையோடு. எரிவதற்கு வேண்டிய காற்று உள்ளே போகாமல் டீசலை மட்டும் கூட்டினால் புகையும் சூடும்தான் மிஞ்சும். இரண்டாவது வாரம் நாலாம் நம்பர் பிஸ்டனின் தலை உருகிவிட்டது.

அப்புறம்தான் காங்கயம் ரோட்டில் இருந்த பெரிய மெக்கானிக்கிடம் போனோம். எனக்கு அப்போது பள்ளி விடுமுறை. இன்ஜினை இறக்கி, ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே என் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் தட்டியது. “வரப்புத் தெரியுதா கண்ணு? மேல் ரிங் போய்த் திரும்புற இடம். அங்கதான் தேய்மானம் சாஸ்தி.” ஆறு சிலிண்டரிலும் நகத்தை வைத்தேன். ஆறும் ஆறு விதமாக இருந்தன.

அந்த இன்ஜினுக்கு 697 என்று பெயர். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 128. மொத்தம் 5675 சிசி. அத்தனை பெரிய இன்ஜின் தந்தது நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டர்போ கிடையாது, தானாக இழுத்த காற்றில்தான் எல்லாம். ஆகவே அந்தக் காலத்தில் இன்ஜினைக் கட்டி இழுவை கூட்டுவது என்றால், புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஒழுகிப் போவதை நிறுத்துவது.

பிளாக் லேத் பட்டறைக்குப் போய், அரை மில்லிமீட்டர் கூடப் போர் அடித்து வந்தது. ஹோனிங் கல் போட்ட குறுக்குக் கோடுகள் உள்சுவரில் வலைபோல் மின்னின. அந்தக் கோட்டில்தான் ஆயில் தங்கும் என்றார். கிராங்க் கிரைண்டிங் ஆனது, அதற்கேற்ற பேரிங் வந்தது. வால்வுகளைப் பேஸ்ட் தடவி உள்ளங்கைகளால் உருட்டித் தேய்ப்பது பையன்கள் வேலை. சீட்டில் சாம்பல் நிற வளையம் முறியாமல் முழுசாகத் தெரியும் வரை விட மாட்டார். புஷ்ராடுகளை ஓர் அட்டைப்பெட்டியில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தோம். எது எந்தச் சிலிண்டரில் இருந்ததோ அதிலேயே திரும்பப் போக வேண்டும்.

பம்ப்பைக் காலிபரேஷனுக்குக் கொண்டு போனதை என்னால் மறக்கவே முடியாது. மைக்கோ பம்ப்பை மேஜையில் பூட்டி மோட்டாரால் சுழற்ற, ஆறு குழாயிலிருந்தும் டீசல் ஆறு கண்ணாடிக் குழல்களில் இறங்கியது. இரண்டு குழலில் தூக்கல், ஒன்றில் பள்ளம். ஸ்குரூவைத் தளர்த்தித் தட்டித் தட்டி ஆறு மட்டத்தையும் ஒரு கோட்டுக்குக் கொண்டு வர அரை நாள் ஆனது. “டீசல் கொஞ்சம் சேத்து வைக்கலாமுங்களா?” என்றார் பெரியப்பா. “வேண்டாமுங்ணா. ஆறும் ஒண்ணா எரிஞ்சாப் போதும், வண்டி இழுக்கும்.”

டைமிங்கும் கண்ணால்தான். பம்ப்பின் முதல் குழாய் இருக்குமிடத்தில் வளைந்த சிறு குழாயை மாட்டி, ஃப்ளைவீலை மெல்ல நகர்த்தினார். ஒழுகிய டீசல் சொட்டாகி, சொட்டு நின்ற இடத்தில் கையை நிறுத்தினார். டீசல் உள்ளே போகத் தொடங்கும் கணம் அது. அந்த வண்டி அதற்குப் பிறகு மூன்று வருஷம் தண்ணீர் சுமந்தது. பவானித் தண்ணீரைத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் கொண்டு வந்த திட்டம் 2005 வாக்கில் ஓடத் தொடங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது; கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றானது. சாயத்துக்கான டேங்கர் ஓட்டம் பெரும்பாலும் அதோடு அடங்கியது.

அதே பட்டறையை அந்த மெக்கானிக் பெரியவரின் மகன் இப்போது நடத்துகிறார். போன மாதம் போயிருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியன் கன்டெய்னர் இழுக்கும் வண்டிகள் நின்றன. இடையில் வந்த கம்மின்ஸ் 5883 சிசி இன்ஜின், ஏறக்குறைய பழைய 697 அளவுதான், டர்போவும் குளிர்வித்த காற்றுமாக 180 குதிரைத்திறன் வரை கொடுத்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு எல்லாம் காமன் ரெயில், டீசல் ஒரே பொதுக் குழாயில் அழுத்தத்தோடு காத்திருக்கும். பழைய நாசில் 200 பார் அழுத்தத்தில் திறக்கும்; இப்போது ரெயிலில் டீசலின் அழுத்தமே 1600 பாருக்கு மேல் போகும். கரும்புகை இல்லை. நாங்கள் குடித்து வளர்ந்த அந்தப் புகையை என் பிள்ளைகள் குடிக்கவில்லை என்பதில் எனக்கு மனசார நிம்மதி.

ஆனால் சென்சார் ஒன்று தவறாகச் சொன்னால், புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல் சரியில்லை என்று பட்டால், கணினியே இழுவையைக் குறைத்துவிடுகிறது. சரக்கோடு தாராபுரம் தாண்டி நிற்கும் டிரைவருக்குத் தன் வண்டிக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இது நியாயமில்லை. சுமக்கிறவனுக்குத் தன் வண்டியைத் திறந்து பார்க்கும் உரிமை வேண்டும். சில வண்டிகளை மகனின் ஸ்கேனர் திறக்கிறது, சிலவற்றை உள்ளே விடுவதே இல்லை.

ஓர் இன்ஜின் ஹெட் கழன்று கிடந்தது. குனிந்து நகத்தை வைத்துப் பார்த்தேன். வரப்பு இருந்தது. போர், கிராங்க், வால்வு எல்லாம் அதே வேலை. கண்ணாடிக் குழல் மட்டும் இல்லை. புது இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் எவ்வளவு கூடக் குறைய டீசல் விடும் என்பதை ஃபேக்டரியிலேயே அளந்து, எழுத்தும் எண்ணுமாக அதன் மேலேயே பொறித்து அனுப்புகிறார்கள். அந்தக் குறியீட்டைக் கணினிக்குச் சொன்னால், ஆறையும் அதுவே சமன் செய்துகொள்கிறது. குறியீடு சிலிண்டர் மாறிவிட்டால் வண்டி உதறும்.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பையன் ஒருவன் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தான். “படம் எடுத்துக்கோ, இதையும் எழுதிக்கோ” என்று சாக்பீஸை நீட்டினார். அவன் சுவரில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் அந்தக் குறியீட்டை எழுத்து எழுத்தாகப் படித்து எழுதினான்.