சுரங்கத்தின் ஆயுளும் சந்தையின் ஆயுளும்

பால்மரக் கன்றை நட்டவர் பால் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன்பின் அம்மரம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும். ஆதலின், கன்று நடும் நாளிலேயே கால் நூற்றாண்டுக்குப் பின்னர் ரப்பரை வாங்குவோர் யார் என்பதையும் தோட்ட முதலாளி எண்ணியாக வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்தோர் இக்கணக்கின் விளைவைக் கண்கூடாக அறிவர். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீட்டுமனைகள் வந்தன.

சுரங்கத் தொழிலிலும் இதே கணக்குத்தான் உண்டு. ஆனால் அங்கே பிழை நேர்ந்தால் திருத்துதல் அரிது. பால்மரத்தை வெட்டிய நிலத்தில் வேறு பயிர் இடலாம். நிலக்கரிக்கெனத் தோண்டிய குழியில் வேறொன்றும் விளையாது. ஆகவே, சுரங்கக் கம்பெனி இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும். நிலத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அதை வாங்குவோர் எத்தனை ஆண்டுகள் வாங்குவர் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு நில ஆய்வாளர் விடை கூறுவர். இரண்டாவதற்கு விடை காண்பதே நீண்டகாலத் திட்டம் எனப்படுவது.

இதற்குத் தக்க சான்று நம் நாட்டிலேயே உண்டு. சிலாங்கூர் மாநிலத்தில் ராவாங்குக்கு அருகில் உள்ள ஊர் பத்து ஆராங். மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். 'ஆராங்' என்றால் கரி. பெயரே ஊரின் வரலாற்றைச் சொல்லுகிறது. 1908-இல் அங்கு நிலக்கரி கண்டறியப்பட்டது. ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்பார் முன்னின்று அமைத்த மலாயன் காலியரீஸ் கம்பெனி 1915-இல் நிலக்கரி எடுக்கத் தொடங்கிற்று. புகைவண்டிகள், மின்நிலையங்கள், ஈயச் சுரங்கங்கள் ஆகியவை அக்கரியை வாங்கின. சீனரும் தமிழரும் பிறரும் அங்கு உழைத்தனர். 1940-இல் ஆண்டு உற்பத்தி ஏழு இலட்சம் டன்னுக்கு மேல் உயர்ந்தது.

அக்கம்பெனி வருங்காலத்தை எண்ணவில்லை என்று கூறமுடியாது. செங்கற் சூளையும் ஒட்டுப்பலகைத் தொழிலும் நடத்தி, நிலக்கரி ஒன்றையே நம்பியிராமல் வேறு வருவாய்களையும் தேடிக்கொண்டது. ஆயினும், அடிப்படையான இடர் இரண்டு இருந்தன. அங்குக் கிடைத்தது ஈரப்பதம் மிக்க இளங்கரி. குவித்து வைத்தால் தானே தீப்பற்றும் இயல்பினது. அதனை நெடுநாள் சேர்த்து வைக்கவோ, தொலைதூர நாடுகளுக்கு அனுப்பி விற்கவோ இயலாது. எனவே உள்நாட்டில் இருந்த சில பெரிய வாடிக்கையாளர்களையே அது சார்ந்து நின்றது. இஃது முதல் இடர். அந்த வாடிக்கையாளர்கள் எண்ணெய்க்கு மாறிவிடக்கூடும் என்பது இரண்டாவது இடர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வாறே நிகழ்ந்தது. எண்ணெய் பெருகிற்று. நீராவி எஞ்சின்கள் எண்ணெய் எரிக்கத் தொடங்கின. 1957-இல் மலாயா இரயில்வேயில் பெரிய டீசல் எஞ்சின்கள் ஓடலாயின. சிரம்பானையும் கிம்மாசையும் கடந்து சென்ற வண்டிகளில் நிலக்கரிப் புகை குறையக் குறைய, பத்து ஆராங்கில் வேலையும் குறைந்தது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. நிலத்தடியில் கரி தீர்ந்துவிடவில்லை. கரியை வாங்குவோர்தாம் தீர்ந்துவிட்டனர்.

யுரேனியத்தின் இயல்பு இதனின்று வேறானது. 1,000 மெகாவாட் ஆற்றலுள்ள நிலக்கரி மின்நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் டன் கரியை எரிக்கும். அதே அளவுள்ள அணுமின்நிலையத்துக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 200 டன் இயற்கை யுரேனியம் மட்டுமே. அது தீப்பற்றிக் கெடுவதன்று. ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்கலாம். ஆதலின், அணுமின்நிலையத்தார் பல ஆண்டுகளுக்குரிய ஒப்பந்தம் செய்துகொண்டு வாங்குவர். ஒப்பந்தம் உள்ளவரை சுரங்கம் வாழும்.

ஆனால் ஒப்பந்தமும் ஒருநாள் முடியும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் மேரி கேத்லீன் என்னும் யுரேனியச் சுரங்கம் 1958-இல் பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையத்துக்கு விற்கும் ஒப்பந்தத்தோடு தொடங்கிற்று. 1963-இல் அவ்வொப்பந்தம் நிறைவேறியதும் வேறு வாங்குவோர் இல்லாமையால் சுரங்கம் மூடப்பட்டது. 1970-களின் நடுவில் மீண்டும் திறந்து, 1982-இல் முற்றாக நின்றது. தொழிலாளருக்கென எழுப்பிய சிற்றூரின் வீடுகளும் விற்கப்பட்டுப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன.

விலையின் ஏற்றத்தாழ்வும் பெரிது. 2007-இல் ஒரு ராத்தல் யுரேனியம் 130 அமெரிக்க வெள்ளிக்கு மேல் விற்றது. 2011-இல் ஜப்பானின் புக்குஷிமா அணு உலைகள் விபத்துக்குள்ளான பின்னர் விலை சரியத் தொடங்கி, 2016-இன் இறுதியில் 20 வெள்ளிக்கும் கீழே இறங்கியது. கனடாவின் கமேக்கோ கம்பெனி 2018-இல் தன் மெக்ஆர்தர் ரிவர் சுரங்கத்தை நிறுத்திவைத்தது. குறைந்த விலைக்கு விற்பதினும் தாது நிலத்திலேயே கிடப்பது மேல் என்பது அதன் முடிவு. விலை ஏறியபின் 2022-இல் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. 2024 தொடக்கத்தில் விலை 100 வெள்ளியைத் தாண்டியது. கம்பெனியின் கணக்கு தவறவில்லை. ஆனால் தாது காத்திருக்கும். வேலை இழந்த குடும்பம் அதுபோல் நான்கு ஆண்டுகள் காத்திருக்க முடியுமா?

நிலக்கரி, யுரேனியம் இரண்டிலும் ஈடுபட்டிருந்த ரியோ டிண்டோ கம்பெனி, 2018-இல் தன் கடைசி நிலக்கரிச் சுரங்கங்களை விற்றது. மறு ஆண்டில் நமீபியாவின் ரோசிங் யுரேனியச் சுரங்கத்தில் தனக்கிருந்த பங்கையும் விற்றது. திட்டமிடுதலில் எப்போது நுழைவது என்பதைப்போல் எப்போது வெளியேறுவது என்பதும் ஒரு பகுதியே.

இனி, நெகிரி செம்பிலானுக்குத் திரும்புவோம். போர்ட்டிக்சன் வட்டாரத்தில் ஜிமா நிலக்கரி மின்நிலையம் 2009-இல் 1,400 மெகாவாட் ஆற்றலோடும், அதன் அருகே ஜிமா கிழக்கு மின்நிலையம் 2019-இல் 2,000 மெகாவாட் ஆற்றலோடும் முழு இயக்கத்துக்கு வந்தன. இவற்றுக்கான கரி கப்பலில் வருகிறது. புதிய நிலக்கரி மின்நிலையங்கள் கட்டப்படமாட்டா என 2021-இல் மலேசிய அரசு அறிவித்தது. 2044-க்குள் நிலக்கரி மின்சாரத்தை முற்றும் நிறுத்துவது என்பதும் அதன் குறிக்கோள். பத்து ஆராங்கில் வாங்குவோர் விலகியது சுரங்கத் தொழிலாளரைத் தாக்கிற்று. இம்முறை வாங்குவோர் விலகும் ஆண்டு முன்னதாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இந்தோனேசியச் சுரங்கத் தொழிலாளியும் போர்ட்டிக்சன் மின்நிலைய ஊழியரும் அதற்கேற்ப வேறு தொழில் கற்க இக்காலம் போதுமானது. அக்காலத்தைப் பயன்படுத்துவதா, வீணாக்குவதா என்பதே இன்றைய கேள்வி.

கம்பெனியின் திட்ட ஏட்டில் விலை, டன், ஆண்டு ஆகிய மூன்றும் இடம்பெறும். லயத்தின் எதிர்காலமும் பள்ளியின் எதிர்காலமும் அவ்வேட்டில் தாமாக இடம்பெறுவதில்லை. கேட்பவர் கேட்டால்தான் எழுதப்படும். சந்தையின் ஆயுளைக் கணக்கிடும் அறிவு முதலாளிக்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டிய கணக்குகளுள் இதுவும் ஒன்று.