கீழே நிற்பவர் யார்?

குழந்தைகளே, உயரமான ஓக் மரம் ஒன்றின் நடுவே ஒருவர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறார். கையில் எஞ்சின் ரம்பம். கீழே இன்னொருவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். 'மேலே இருப்பவர் வேலை செய்கிறார். கீழே இருப்பவர் சும்மா வேடிக்கை பார்க்கிறார்' என்றுதானே நினைப்பீர்கள்? பிரிட்டன் நாட்டு விதிப்படி, கீழே அந்த ஆள் இல்லையென்றால் மேலே இருப்பவர் மரம் ஏறவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேலே தொங்குபவரை ஆர்பரிஸ்ட் என்பார்கள். மரங்களைப் பராமரிப்பது அவர் தொழில். காய்ந்த கிளையைக் கழிப்பார். வீட்டுக் கூரைமேல் சாயும் கொம்பைக் கயிறு கட்டி மெதுவாக இறக்குவார். நம் ஊர்ப் பனையேறி கால்களில் தளைநார் மாட்டி நெட்டுக்குத்தாக ஏறிவிடுவார். பனையில் பக்கக் கிளைகள் இல்லை. ஓக் மரத்திலோ கிளையின் நுனிவரை போக வேண்டும். காலில் இரும்பு முள் கட்டி ஏறலாமே என்கிறீர்களா? வெட்டிச் சாய்க்கப்போகும் மரம் என்றால் சரி. உயிரோடு இருக்க வேண்டிய மரத்தில் முள் குத்தும் ஒவ்வோர் இடமும் புண்ணாகும். அதனால்தான் கயிறு.

கனமான சிறு பை ஒன்றை மெல்லிய கயிற்றில் கட்டி, உயரத்தில் உள்ள கவட்டைக்கு மேலே வீசுவார்கள். பை அந்தப் பக்கம் இறங்கியதும், மெல்லிய கயிற்றோடு பெரிய கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். ஏறுவதற்குக் கயிறு தயார்! கயிற்றில் ஏறுபவரைத் தாங்குவது ஒரு முடிச்சு. ஆஸ்திரியா நாட்டு மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் எழுதி வெளியிட்டது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். தடித்த கயிறு ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். மெல்லிய கயிற்றை வளையமாக முடியுங்கள். அந்த வளையத்தைத் தடித்த கயிற்றுக்குப் பின்னால் வைத்து, அதன் ஒரு முனையை மறுமுனைக்குள் மூன்று முறை சுற்றி நுழைத்து இறுக்குங்கள். முடிச்சைக் கையால் தள்ளினால் மேலும் கீழும் நகரும். வளையத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் அசையாது! புத்தகப் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நீங்கள் தொங்க வேண்டாம். இப்போது இதே வேலையைச் செய்யும் உலோகக் கருவிகளும் வந்துவிட்டன.

ரம்பம் ஓடும்போது ஒரு பிடிப்பு போதாது. அது கயிற்றில் பட்டுவிட்டால் என்ன ஆவது? ஆகவே இரண்டாவது பிடிப்பும் கட்டாயம். அவர்கள் போடும் கால்சட்டைக்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். தவறிப்போய் ரம்பம் காலில் பட்டால், இழைகள் அதன் சங்கிலியில் சிக்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். எனக்கு இந்தக் கால்சட்டை மிகவும் பிடித்துப்போயிற்று!

இத்தனைக்குப் பிறகும் விபத்து நடக்கலாம். கை வெட்டுப்படலாம், மயக்கம் வரலாம். இடுப்புப் பட்டையில் அசையாமல் வெகுநேரம் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. கீழே நிற்பவர் தன் கயிற்றோடு உடனே ஏறி, அவரைத் தன்னோடு இணைத்து இறக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஆள்! பிரிட்டனில் மரம் ஏறுவதற்கான தேர்விலேயே மீட்பும் சேர்ந்திருக்கிறது. ஏறத் தெரிந்து, இறக்கத் தெரியாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

இந்தத் தொழிலில் ஊர் ஊராகப் போய் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். சொந்தக் கயிறு, சொந்தப் பட்டையோடு இந்த வாரம் ஒரு குழு, அடுத்த வாரம் வேறு குழு. வேறு நாட்டிலிருந்து வருபவர்களும் உண்டு. புயல் அடித்தால் உள்ளூர் ஆட்கள் போதவே மாட்டார்கள். 1987 அக்டோபரில் தெற்கு இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன. லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் மட்டும் 700 மரங்கள்! அங்கே 1798-இல் நட்ட டர்னர் ஓக்கைக் காற்று வேரோடு தூக்கி, அதே குழியில் திரும்ப உட்கார வைத்தது. வேலை மலைபோல் இருந்ததால் அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் கவனிக்கலாம் என்று விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், முன்பு சோர்ந்திருந்த மரம் செழித்து நின்றது! பல்லாண்டுகளாக மக்கள் மிதித்து இறுகிய மண்ணைப் புயல் தளர்த்தி, வேருக்குக் காற்று போக வைத்திருந்தது. அங்கே பணியாற்றிய டோனி கிர்க்காம் இதைப் புரிந்துகொண்டார். இப்போது கியூவில் அழுத்தமான காற்றைச் செலுத்தி, வேரடி மண்ணைத் தளர்த்துகிறார்கள்.

சரி, வெளியூர்க்காரருக்கு வருவோம். நேற்றுவரை முகம் தெரியாத ஒருவரை நம்பி நாற்பது அடி உயரத்தில் எப்படித் தொங்குவது? முதலில் சான்றிதழைக் கேட்பார்கள். ஏறும் கயிறு, பட்டை எல்லாவற்றையும் பிரிட்டனில் 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். அந்தத் தாளையும் பார்ப்பார்கள். பிறகு, எந்த மரத்தில் யார் ஏறுவது, விபத்து என்றால் யார் மீட்பது, ஆம்புலன்ஸுக்கு எந்த முகவரி சொல்வது என்று எல்லோரும் கூடிப் பேசி எழுதிக்கொள்வார்கள்.

இந்தப் பேச்சு எதற்கு என்றால், ஒரே சைகைக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறும். கட்டை விரலை உயர்த்தினால் ஒருவருக்கு 'சரி'. இன்னொருவருக்கு 'கயிற்றை மேலே இழு'! அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகள் இதற்குச் சொற்களையே எடுத்துக்காட்டுகின்றன. கிளையை விடுமுன் மேலே இருப்பவர் 'ஸ்டாண்ட் கிளியர்' என்று கத்துவார். அப்படியென்றால் 'விலகி நில்'. கீழே இருப்பவர் சுற்றிப் பார்த்துவிட்டு 'ஆல் கிளியர்' என்பார். பதில் வராமல் கிளையை விடக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் சரி!

உலகெங்கும் உள்ள ஆர்பரிஸ்ட்டுகள் கூடும் மரமேறும் போட்டி ஒன்று 1976-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் தனித்தனியே போட்டியிடுகிறார்கள். வேகமாக ஏறுவதற்கு ஒரு போட்டி உண்டு. மீட்புக்கு ஒரு போட்டியும் உண்டு. மரத்தில் ஆள் உயரப் பொம்மை ஒன்று தொங்கும். அதை அடிபட்ட மனிதராகவே நினைத்து, குறித்த நேரத்துக்குள் ஏறி, பேச்சுக் கொடுத்து, பத்திரமாக இறக்க வேண்டும். பொம்மையை முரட்டுத்தனமாக இறக்கினால் மதிப்பெண் போச்சு!