மெனோபாஸ் காலத்தில் ஹார்மோன் பரிசோதனை தேவையா?

நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. இரவில் திடீரென உடம்பு கொதித்து, ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. லேபில் ரத்தம் கொடுக்கிறார். எஃப்.எஸ்.எச். 38 என்று தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும்போது, அடுத்த மாதமே விலக்காகிறார். மறுபடி சோதித்தால் அதே எஃப்.எஸ்.எச். 9 தான். லேப் தவறு செய்துவிட்டதா? இல்லை. இரண்டு எண்களும் அந்தந்த நாளுக்குச் சரியானவை.

எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன், மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. சினைப்பையில் கருமுட்டைகளை வளரச் செய்வது இதன் வேலை. முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் இன்ஹிபினும் பிட்யூட்டரியை அடக்கிவைக்கும். வயது ஏற ஏற முட்டைகளின் இருப்பு குறைகிறது, அடக்குவதற்கு ஆளில்லாமல் எஃப்.எஸ்.எச். கூடுகிறது. கோடையில் கிணற்று நீர் இறங்க இறங்க மோட்டார் அதிக நேரம் ஓடுவதைப் போல.

ஆனால், கோடையிலும் ஒரு மழை பெய்தால் கிணறு ஊறும். அப்படித்தான் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சினைப்பை ஒரு மாதம் ஓய்ந்திருக்கும், மறு மாதம் விழித்துக்கொள்ளும். சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இளவயதில் இருந்ததைவிடவும் கூடுதலாகச் சுரக்கும். ஒரு நாள் எடுத்த ரத்தம் இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் காட்டாது.

அதனால்தான், 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறி உடல் வெப்பமும் வியர்வையும் இருந்தால் அந்த அறிகுறிகளே போதும், எஃப்.எஸ்.எச். பரிசோதனை வேண்டாம் என்று பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராவிட்டால் அது மெனோபாஸ். மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது.

பரிசோதனை அவசியமானவர்களும் உண்டு. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுபோனால் கட்டாயம் சோதிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். 40 முதல் 45 வயதுக்குள் அறிகுறிகள் தென்பட்டாலும் மருத்துவர் எஃப்.எஸ்.எச். பார்க்கச் சொல்லலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மாத்திரை எஃப்.எஸ்.எச். அளவையே மாற்றிவிடும்.

எஃப்.எஸ்.எச். கூடிவிட்டதாலேயே இனி கருத்தரிக்காது என்று நம்பிவிடக் கூடாது. விலக்கு தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். படபடப்பும் சோர்வும் தைராய்டு கோளாறாலோ ரத்தசோகையாலோ கூட வரலாம். அவற்றைச் சோதிக்கச் செலவிடும் பணம் வீணாகாது. மெனோபாஸுக்குப் பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே விலக்கான தேதியையும், வியர்த்து விழித்த இரவுகளையும் குறித்துவையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். ஒற்றை ரத்தப் பரிசோதனையைவிட அந்தக் குறிப்பு அவருக்கு அதிகம் சொல்லும்.